படிப்பை நடுவில் மாற்றலாமா?



ஆவடி இரயில் நிலையத்தில் காலை வேளையில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போகும் காட்சி புதியதன்று. சென்னை சென்ட்ரலிலிருந்து வரும் மின்சார வண்டிகளில் சில ஆவடியோடு நின்றுவிடும். சில பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் வரையில் போகும். வேறு சில திருவள்ளூருக்கும் அரக்கோணத்திற்கும் போகும். பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரியான வண்டிகள். அவசரத்தில் வந்த வண்டியில் ஏறிவிட்டு, "ஐயா, இது திருவள்ளூர் போகுமா?" என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்கும் பயணிகள் நாள்தோறும் உண்டு. "போகாது" என்ற மறுமொழி கிடைத்ததும் ஒருவர் பதறிப்போய் ஓடும் வண்டியிலிருந்தே குதிக்கப் பார்ப்பார். மற்றொருவர், அடுத்த நிலையம் எது, தமக்கு வேண்டிய வண்டி அங்கே நிற்குமா, கையிலுள்ள சீட்டு அதற்குச் செல்லுமா என்றெல்லாம் விசாரித்துக்கொண்டு இறங்குவார். மூன்றாவது வகையினரும் உண்டு. தவறான வண்டியில் ஏறிவிட்டோம் என்று தெரிந்த பிறகும், கேட்டால் பிறர் சிரிப்பார்களே என்று வெட்கப்பட்டு, வாய்திறவாமல் கடைசி நிலையம் வரையில் உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்.

கல்லூரியில் ஒரு படிப்பில் சேர்ந்து, ஓராண்டோ இரண்டாண்டோ சென்றபின், 'இஃது எனக்கு உரிய படிப்பன்று' என்று உணரும் மாணவர்களிடத்திலும் இம்மூவகையினரையும் நான் கண்டிருக்கிறேன். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்துப் பள்ளிகளில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்தவன் நான். எங்களிடம் படித்து வெளியேறிய பிள்ளைகளில் பலர் பிறகும் வந்து ஆலோசனை கேட்பதுண்டு. அவர்கள் கேட்ட கேள்விகளுள் அடிக்கடி கேட்கப்பட்டதும், விடை கூற எனக்கு மிகுந்த தயக்கம் தந்ததும் இதுதான்: "ஐயா, படிப்பை நடுவில் மாற்றலாமா?"

இக்கேள்விக்கு 'மாற்றலாம்' என்றோ 'கூடாது' என்றோ ஒரே சொல்லில் விடை கூறுபவர்களை நம்பாதீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிக் கூறியவன்தான். அதனால் விளைந்த துன்பத்தைக் கண்ணால் கண்டதனாலேயே இன்று உங்கள்முன் பேசத் துணிந்தேன்.

2009ஆம் ஆண்டில் எங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 1,200க்கு 1,060 மதிப்பெண் பெற்ற மாணவன் ஒருவன் இருந்தான். அவனுடைய தந்தையார் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் இயந்திரத்தில் வேலை செய்துவந்தார். பையனுக்கு வரலாற்றில் விருப்பம் மிகுதி. மாவட்ட நூலகத்திலிருந்து சோழர் கல்வெட்டுகளைப் பற்றிய நூல்களை வாங்கி வந்து படிப்பான். திருமுல்லைவாயில் கோயில் சுவர்களிலுள்ள எழுத்துகளைத் தடவித் தடவிப் பார்ப்பான். "பி.ஏ. வரலாறு படிக்கிறேன், ஐயா" என்று அவன் வந்து நின்றபோது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "ஏன் அதை விரும்புகிறாய்?" என்றாவது கேட்டிருக்க வேண்டும். நானோ, அவன் தந்தையாரை அழைத்து, "இத்தனை மதிப்பெண் வாங்கிய பிள்ளையை வரலாற்றிலா சேர்ப்பது? பொறியியற் கல்லூரிக் கலந்தாய்வுக்கு அனுப்புங்கள்" என்றேன். பள்ளியிலிருந்து எத்தனை பேர் பொறியியலில் சேர்ந்தனர் என்று விழாவில் படித்துக் காட்டும் பட்டியலில் ஒரு பெயர் கூடுமே என்ற எண்ணமும் என் மனத்தின் ஒரு மூலையில் இருந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். தந்தையார் என் சொல்லைத் தெய்வவாக்காக ஏற்றார். கடன் சங்கத்தில் கடன் வாங்கிப் பையனை இயந்திரப் பொறியியலில் சேர்த்தார்.

2011ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், வேலைநாளொன்றில் பகல் பதினொரு மணியளவில், ஆவடி நிலையத்தின் நடைமேடைப் பலகை ஒன்றில் அந்தப் பையன் உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். தோளில் பை, மடியில் மூடிய பகலுணவுப் பெட்டி. "கல்லூரி இல்லையா?" என்றேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான், பேசவில்லை. அருகில் அமர்ந்து மெல்லக் கேட்டபோது செய்தி வெளிப்பட்டது. முதலாண்டிலேயே ஐந்து பாடங்களில் தவறியிருந்தான். மூன்றாம் பருவத்தில் அந்த 'அரியர்' ஒன்பதாயிற்று. நான்காம் பருவத்தில் கல்லூரிக்குப் போவதையே நிறுத்திவிட்டான். ஆனால் வீட்டில் சொல்லவில்லை. நாள்தோறும் காலையில் கிளம்பி, பருவச் சீட்டில் அரக்கோணம் வரையில் போவதும் வருவதுமாக இருந்து, மாலையில் வீடு திரும்பினான். நான் முன்பு சொன்ன மூன்றாவது வகைப் பயணி அவன்தான். அந்த வண்டியில் அவனை ஏற்றிவிட்டவன் நான்.

அவன் கதையின் மீதியைப் பின்னர்ச் சொல்கிறேன். அதற்கு முன், அவன்பால் நான் கற்றுக்கொண்ட முதற்பாடத்தைச் சொல்லவேண்டும். படிப்பு கசக்கிறது என்று ஒருவன் சொன்னால், கசப்பின் காரணம் எது என்பதை முதலில் கண்டறிதல் வேண்டும். காரணம் ஒன்றாகவும், நாம் மாற்றுவது வேறொன்றாகவும் இருந்தால் பயனில்லை. பல்வலிக்குக் கண்ணாடி மாற்றிய கதையாக முடியும்.

என் அனுபவத்தில் காரணங்கள் பெரும்பாலும் நான்கே. பாடம் பொருந்தாமை ஒன்று. பாடம் நடத்தப்படும் மொழி புரியாமை இரண்டு. கல்லூரியின் தொலைவு, சூழ்நிலை, உடனிருப்போர் ஆகியவை மூன்று. வீட்டுத் துன்பம், பணமுடை, உடல்நலக் குறைவு ஆகியவை நான்கு. இவற்றுள் முதற்காரணத்திற்கு மட்டுமே படிப்பை மாற்றுதல் நேரான மருந்தாகும். மற்ற மூன்றிற்கும் வேறு மருந்துகள் உண்டு.

திருமுல்லைவாயிலைச் சேர்ந்த மாணவி ஒருத்தி பி.எஸ்ஸி. கணிதத்தில் சேர்ந்து இரண்டே மாதங்களில் என்னிடம் வந்தாள். "கணிதம் எனக்கு வராது, ஐயா. பி.சி.ஏ.வுக்கு மாறிவிடுகிறேன். என் தோழியும் அங்கேதான் இருக்கிறாள்" என்றாள். பள்ளியில் கணிதத்தில் இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூறுக்குக் குறையாமல் வாங்கிய பெண் அவள். எனக்கு வியப்பாயிற்று. ஒரு கணக்கைத் தமிழில் சொன்னேன். உடனே போட்டுக் காட்டினாள். அதே கணக்கை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். விழித்தாள். அவளுடைய பகை கணிதமன்று, ஆங்கிலமே என்பது எங்கள் இருவருக்கும் அப்போதே விளங்கிவிட்டது. பி.சி.ஏ.வுக்குப் போனாலும் அங்கேயும் அதே ஆங்கிலந்தானே காத்திருக்கும்? "ஒரு பருவம் பொறுத்துப் பார், அம்மா. நாள்தோறும் வகுப்பில் கேட்ட புதுச் சொற்கள் இருபதை எழுதிப் பொருள் பார்த்து வைத்துக்கொள். பருவத் தேர்வு முடிந்தபின் வா, அப்போதும் மாற வேண்டுமென்றால் நானே உடன் வருகிறேன்" என்றேன். அவள் மாறவில்லை. இன்று ஒரு பள்ளியில் கணிதம் கற்பிக்கிறாள். தமிழ்வழியில் படித்துக் கல்லூரிக்குள் நுழையும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் முதற்பருவத்தில் படும் துன்பம் இதுவே. அதனைத் தங்கள் அறிவின் குறை என்று அவர்கள் எண்ணிவிடுவதுதான் வருந்தத்தக்கது.

இனி, நாடறிந்த மூவர் வாழ்க்கையிலிருந்து மூன்று நிகழ்ச்சிகளை உங்கள்முன் வைக்கிறேன். மூவரும் தமிழகத்தில் படித்தோ பிறந்தோ உலகப்புகழ் பெற்றவர்கள். மூவரும் தம் படிப்பில் ஏதோ ஒரு மாற்றத்தைச் சந்தித்தவர்கள்.

முதலாமவர் கணிதமேதை சீனிவாச இராமானுசன். 1904ஆம் ஆண்டில் அவர் உதவித்தொகை பெற்றுக் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் எப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். கணிதத்தைத் தவிர மற்றெதிலும் அவர் மனம் செல்லவில்லை. ஆகவே மற்றப் பாடங்களில் தவறினார், உதவித்தொகையும் போயிற்று. 1905இல் வீட்டாரிடம் சொல்லாமலே விசாகப்பட்டினத்திற்குப் போய்விட்டார். பெற்றோர் எவ்வளவு கலங்கியிருப்பார்கள்! பிறகு 1906இல் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். ஊர் மாறிற்று, கல்லூரியும் மாறிற்று. ஆனால் எழுதவேண்டிய தேர்வு அதே எப்.ஏ. தேர்வுதான். கணிதத்தோடு உடலியல் முதலிய பாடங்களும் அதில் இருந்தன. இங்கும் அவர் தேறவில்லை. கல்லூரியை மாற்றியது அவருக்கு உதவாமற்போனதன் காரணம், அவருடைய இடர்ப்பாடு கல்லூரியில் இல்லை, படிப்பின் அமைப்பில் இருந்தது என்பதே. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமே இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. அதன்பின்னரே அவருக்கு உரிய வழி திறந்தது. 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார். 1916இல் ஆராய்ச்சியின் வழியாகவே பி.ஏ. பட்டம் பெற்றார், 1918இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

இதைக் கேட்டு, 'இராமானுசனே தேர்வில் தவறினாரே, நான் தவறினால் என்ன?' என்று எவரும் ஆறுதல் கொள்ளவேண்டாம். அவர் மற்றப் பாடங்களை விட்டது ஊர் சுற்றுவதற்காக அன்று. இரவும் பகலும் கணிதம் செய்ததனால் விட்டார். நாம் விட்ட நேரத்தை எதற்குக் கொடுத்தோம் என்பதே கேள்வி.

இரண்டாமவர் ஜி. என். இராமச்சந்திரன். எர்ணாகுளத்தில் 1922ஆம் ஆண்டு பிறந்தவர். திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்துத் தேறினார். 1942இல் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியற் கழகத்தில் மின்பொறியியற் பிரிவில் சேர்ந்தார். சேர்ந்த சிறிது காலத்திலேயே தம் நாட்டம் இயற்பியலிலேயே இருப்பதை உணர்ந்தார். அப்போது அங்கே இயற்பியல் துறையில் இருந்தவர் சர் சி. வி. இராமன். இராமச்சந்திரன் அவரிடம் மாறிச் சேர்ந்தார். நிறுவனத்தை விட்டு அவர் வெளியேறவில்லை. ஒரு துறையிலிருந்து அடுத்த துறைக்குப் போனார், அவ்வளவே. பின்னர் 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். 1954இல், நம் தோலிலும் தசைநாணிலும் எலும்பிலும் உள்ள கொல்லாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறுபோல் அமைந்துள்ளது என்ற கருத்தைக் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து வெளியிட்டார். 1963இல் அவரும் உடன் உழைத்தோரும் வெளியிட்ட வரைபடம் இன்றும் 'இராமச்சந்திரன் வரைபடம்' என்ற பெயரோடு உலகெங்கும் புரத ஆராய்ச்சியில் பயன்படுகிறது. அவர் மின்பொறியியலிலேயே இருந்திருந்தால் ஒரு நல்ல பொறியாளர் நமக்குக் கிடைத்திருக்கலாம். தொடக்கத்திலேயே மாறியதனால் அவர் இழந்த காலமும் மிகக் குறைவு.

மூன்றாமவர் வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். 1952இல் சிதம்பரத்தில் பிறந்து பரோடாவில் வளர்ந்தவர். 1971இல் பரோடாவில் இயற்பியலில் பட்டம் பெற்றார். 1976இல் அமெரிக்காவில் ஒகையோ பல்கலைக்கழகத்தில் அதே இயற்பியலில் முனைவர் பட்டமும் பெற்றார். ஆயினும் அவர் மனம் உயிரியலை நாடிற்று. என்ன செய்தார்? முனைவர் பட்டம் பெற்ற ஒருவர், கலிபோர்னியாவில் சான் டியேகோ நகரத்துப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் மாணவராகச் சேர்ந்து, தம்மினும் இளையவர்களுடன் அமர்ந்து உயிரியலின் அடிப்படைப் பாடங்களைப் படித்தார். 2009ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசை, உயிரணுவில் புரதம் உண்டாக்கும் ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்தமைக்காக, தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் பகிர்ந்து பெற்றார். கையிலிருந்த படிப்பை முடித்துவிட்டு மாறியவர் இவர். இயற்பியற் பயிற்சி வீண்போகவும் இல்லை. உயிரணுவின் பகுதிகளை எக்ஸ் கதிரால் ஆராய்வதற்கு அப்பயிற்சியே கைகொடுத்தது.

மாணவர்களே, இம்மூன்று நிகழ்ச்சிகளையும் ஒருங்கே வைத்து எண்ணிப் பாருங்கள். கல்லூரியை மாற்றுவது ஒன்று, பாடத்தை மாற்றுவது வேறொன்று, இருக்கும் படிப்பை முடித்துவிட்டுத் திசை திரும்புவது மற்றொன்று. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் காரணமும், நீங்கள் ஏற்கெனவே கடந்த தூரமும் முடிவு செய்யவேண்டும். முதற்பருவத்தில் இருப்பவனுக்கு மாறுதல் எளிது. இறுதியாண்டில் இருப்பவன், பெரும்பாலும், முடித்துவிட்டு மாறுவதே நலம். பட்டம் ஒன்று கையில் இருந்தால், எந்தப் பாடமாயினும் சரி, பட்டதாரிகளுக்கான அரசுத் தேர்வுகளுக்கும் பல மேற்படிப்புகளுக்கும் கதவு திறந்திருக்கும். இடையே நிற்பவனுக்குத்தான் கணக்குப் பார்க்கவேண்டிய பொறுப்பு மிகுதி.

மாறுவது என்று முடிவு செய்தபின் கவனிக்கவேண்டியவை சில உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

புதிய இடம் உறுதியாகும்வரையில் பழைய இடத்தை விடாதீர்கள். சினத்தில் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்துவிட்டு, பிறகு சேர இடமின்றி ஓராண்டு வீட்டில் இருந்தவர்களை நான் அறிவேன். ஒரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரு கல்லூரிகளுக்கிடையே மாறுவதானால், பொதுவாக, சேரும் கல்லூரியில் காலியிடமும் இரு கல்லூரிகளின் இசைவும் பல்கலைக்கழகத்தின் ஒப்புதலும் வேண்டும். வேறு பல்கலைக்கழகத்திற்குச் செல்வதானால் இடப்பெயர்வுச் சான்றிதழும் வேண்டும். நீங்கள் முடித்த பாடங்களுள் எவற்றைப் புதிய பல்கலைக்கழகம் ஏற்கும் என்பதை வாய்ச்சொல்லாகக் கேட்டு மகிழாமல், எழுத்தில் பெறுங்கள். ஏற்கவில்லையானால் முதலாண்டிலிருந்தே தொடங்கவேண்டி வரும்.

ஒரு கல்லூரியில் தேறிய பாடங்களின் மதிப்பை மற்றொன்றில் கணக்கில் கொள்ளுவதற்காகப் பல்கலைக்கழக மானியக் குழு 2021ஆம் ஆண்டில் 'கல்வி மதிப்பு வங்கி' என்னும் ஏற்பாட்டிற்கு விதிகள் வகுத்தது. நீங்கள் விடும் நிறுவனமும் சேரும் நிறுவனமும் அதில் இணைந்துள்ளனவா என்பதைக் கேட்டறிந்த பின்னரே அதை நம்பவேண்டும்.

பணத்தைப் பற்றியும் தயங்காமல் கேளுங்கள். சேர்க்கைக்குப் பிறகு விலகும் மாணவனுக்குக் கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றி மானியக் குழு 2018ஆம் ஆண்டு அக்டோபரில் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. சேர்க்கைக்கென அறிவிக்கப்பட்ட கடைசி நாளிலிருந்து 15 நாளுக்குள் விலகினால் 80 விழுக்காடும், 15 நாளுக்கு மேல் 30 நாளுக்குள் விலகினால் 50 விழுக்காடும் திரும்பக் கிடைக்கும் என்றும், 30 நாளுக்குமேல் எதுவும் கிடைக்காது என்றும் அது கூறிற்று. மாணவனுடைய மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடமே வைத்துக்கொள்ளலாகாது என்பதும் அதில் அடங்கும். நீங்கள் சேரும் ஆண்டில் நடப்பிலுள்ள விதி எது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு மாதத் தாமதத்தில் ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சேமிப்பே போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். வங்கிக் கடன், முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை, புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் போன்ற உதவிகள் பெறுவோர், மாறினால் அவை தொடருமா என்பதை உரிய அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாறாமலே மாறும் வழிகளும் உள்ளன. பாலிடெக்னிக்கில் பட்டயப் படிப்பு முடித்தவர்களும், உரிய தகுதியுடைய பி.எஸ்ஸி. பட்டதாரிகளும் பொறியியற் படிப்பில் நேரடியாக இரண்டாமாண்டில் சேரும் முறை நம் மாநிலத்தில் உண்டு. அம்பத்தூரில் ஐ.டி.ஐ.யும் ஆவடியில் பாலிடெக்னிக்கும் உள்ள நம் வட்டாரத்துப் பிள்ளைகள், கையால் தொழில் பழகிக்கொண்டே படிப்படியாக மேலேறிய செய்திகள் பலவற்றை நான் அறிவேன். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இலும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இலும் தொடங்கப்பட்டன. கல்லூரியில் ஒரு பட்டமும், தொலைநிலைக் கல்வியில் மற்றொரு பட்டமும் ஒரே காலத்தில் படிப்பதற்கு 2022ஆம் ஆண்டில் மானியக் குழு வழிவகுத்தது. விரும்பிய பாடத்தை அவ்வாறு ஓராண்டு படித்துப் பார்த்தால், அவ்விருப்பம் மெய்யானதா, இக்கரைக்கு அக்கரை பச்சை என்ற மயக்கமா என்பது தெரிந்துவிடும். இங்கும் உங்கள் பல்கலைக்கழகம் இசைகிறதா என்று கேட்டுக்கொள்ளவேண்டும்.

இவ்வளவும் சொல்லியபின் எஞ்சி நிற்பது பெற்றோரிடம் சொல்லும் கடமை. எல்லாவற்றிலும் கடினமானது அதுதான்.

ஆவடி நிலையத்தில் கண்ட அந்தப் பையனை அன்று மாலையே அவன் வீட்டுக்கு அழைத்துச் சென்றேன். வழிநெடுக அவன் பேசவில்லை. தந்தையார் வேலையிலிருந்து திரும்பிக் கைகளில் எண்ணெய்க் கறையோடு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் முதலில் என் தவற்றைச் சொன்னேன். "உங்கள் மகன் கேட்டதை நான் கேட்கவில்லை, உங்களையும் கேட்கவிடவில்லை" என்றேன். பிறகு நிகழ்ந்தவற்றை ஒளிக்காமல் கூறினேன். அவர் கடிந்துகொள்வார், கடனை எண்ணிப் புலம்புவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மகனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அம்மா கட்டிக் கொடுத்த சோற்றை இத்தனை நாளும் எங்கே உட்கார்ந்து தின்றாய், அப்பா?"

அந்தப் பையன் அப்போதுதான் அழுதான். அடுக்களையில் அவன் தாயார் அழும் ஓசையும் கேட்டது. மகன் தோற்றானே என்பதைவிட, தோல்வியைத் தனியாகச் சுமந்து அலைந்தானே என்பதுதான் அவர்களை வருத்திற்று. மாணவர்களே, உங்கள் பெற்றோரும் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களே. முதல்நாள் சினம் மூளலாம். இரண்டாம் நாள் அவர்கள் உங்கள் பக்கத்தில் நிற்பார்கள். தனியே சொல்ல அஞ்சினால், உங்களுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் ஒருவரையோ, மாமாவையோ சித்தப்பாவையோ துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆனால் சொல்லிவிடுங்கள்.

மீதிக் கதையைச் சுருங்கச் சொல்கிறேன். அவன் சான்றிதழ்களை மீட்பது எளிதாக இல்லை. எஞ்சிய ஆண்டுகளின் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்றனர் அக்கல்லூரியார். நானும் அவன் தந்தையாரும் பலமுறை நடந்து, விண்ணப்பங்கள் எழுதிப் பெற்றோம். அவ்வாண்டே அவன் வேறொரு கல்லூரியில் பி.ஏ. வரலாற்றில் முதலாண்டு மாணவனாகச் சேர்ந்தான். இரண்டு ஆண்டுகளும் ஒரு கடனும் போயின; அவை திரும்பி வரவில்லை. அவனோடு பள்ளியில் படித்தவர்கள் 2013இல் வேலைக்குப் போனார்கள். அவன் 2014இல்தான் பட்டம் பெற்றான். அதன்பின் தேர்வு எழுதி ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தான். விடுமுறை நாள்களில் இன்றும் கோயிற் சுவர்களின்முன் நிற்கிறான். பெரும்புகழ் பெற்றவன் என்று அவனை உங்களுக்குக் காட்ட நான் வரவில்லை. காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது, எங்கே போகிறான் என்பதை மறைக்கவேண்டிய நிலை அவனுக்கு இன்று இல்லை.

பெற்றோர்களுக்கும் என்னைப்போன்ற ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பதினேழு வயதில் ஒரு பிள்ளை, கட்-ஆஃப் மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு, சில நாள்களுக்குள் தன் வாழ்நாள் தொழிலைத் தேர்ந்தெடுக்கவேண்டியிருக்கிறது. நான் 1976இல் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். அக்காலத்தில் கல்லூரிக்குள் நுழைந்தபின்னும் பட்டப்படிப்பைத் தேர்ந்துகொள்ள ஓராண்டு அவகாசம் எங்களுக்கு இருந்தது. 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபின், அத்தேர்வின் பெரும்பகுதி பத்தாம் வகுப்பு முடிந்ததுமே, பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போதே நிகழ்ந்துவிடுகிறது. இவ்வளவு இளம்வயதில் செய்த தேர்வு சிலருக்குத் தவறிப்போவதில் வியப்பில்லை. தவறியதைச் சொல்ல வரும் பிள்ளையிடம், "ஊரார் என்ன சொல்வார்கள்?" என்று கேட்பதற்கு முன், "உனக்கு எது புரிகிறது, எது புரியவில்லை?" என்று கேளுங்கள்.

மாணவர்களே, நாளைக் காலையில் உங்களில் ஒருவர், வகுப்பிற்குச் செல்ல மனமின்றி, ஏதேனும் ஒரு நிலையத்துப் பலகையில் உட்கார்ந்திருக்கக்கூடும். அவருக்கு நான் சொல்வது இதுதான். ஒரு தாளை எடுத்து, எந்தப் பாடம், எந்த நாளிலிருந்து, ஏன் கசந்தது என்பதை எழுதுங்கள். அந்தத் தாளை உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். மாலையில் வீட்டாரிடமும் காட்டுங்கள். மாறுவதா, நிற்பதா என்பதைப் பிறகு எல்லோரும் கூடி முடிவு செய்யலாம்.